ஒற்றி எடுத்த எடை

3 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

கொசு எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் தனிக் கட்சி நடத்துகிறது, மற்றபடி வாய் நன்றாக வேலை செய்கிறது. நீ, மாமா, பாப்பா மூவரும் சுகமா? உன் போன கடிதம் அரைப்பக்கம். அதில் பாதி "இங்கே எல்லோரும் நலம், நலம்" என்பதிலேயே போய்விட்டது. நலமாயிருக்கிறவர்கள் அதை ஒரு தரம் சொன்னால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஆபீஸ் போனில் கூப்பிடாதே என்று நீ சொன்னது சரிதான். உங்கள் கேம்புக்கு ஒரே போன், அதைச் சுற்றி இருபது காது. தபாலே நல்லது.

புது விஷயம் கேள். லேபில் என்னை மண் பிரிவிலிருந்து மாற்றி அடர்த்தி மேஜையில் போட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் பதவி உயர்வு என்று சொல்லியிருக்கிறேன், காட்டிக்கொடுக்காதே. சம்பளம் அதேதான், நாற்காலி மட்டும் சுழல்கிறது. தார் ரோடு போட்டு முடித்ததும் அதிலிருந்து வட்டமாக ஒரு துண்டை மெஷினால் குடைந்து எடுத்து அனுப்புவார்கள். கோர் என்று பெயர். உள்ளங்கை அகலம், மூன்று விரல் கனம். ரோலர் அதை எவ்வளவு கெட்டியாக அழுத்தியிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு வந்தால் பாஸ். குறைந்தால் உள்ளே காற்று அதிகம், மழை வந்தால் தண்ணீர் இறங்கும், ரோடு பிய்ந்துவிடும்.

மூன்று தடவை எடை போடுகிறோம். காய்ந்தபடி ஒன்று, தண்ணீருக்குள் கூடையில் தொங்கவிட்டு ஒன்று, வெளியே எடுத்து ஈரத் துணியால் மேல் தண்ணீரை ஒற்றிவிட்டு ஒன்று. இந்த மூன்றாவதில்தான் சூட்சுமம். முதல் நாளே, லேபை நடத்துகிற மேடம் என் பக்கத்தில் நின்று சொன்னார்: "ஒத்தி எடு, துவட்டாத. அஞ்சு செகண்டு, அவ்வளவுதான். கையில வச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தா உள்ள போன தண்ணியும் ஒழுகிடும். ஒழுகினா எடை குறையும். எடை குறைஞ்சா துண்டு சின்னதாக் கணக்காகும். சின்னதா இருந்தா கெட்டியாத் தெரியும். சல்லடை மாதிரி இருக்கிற ரோட்டுக்கு நீ நல்ல பேர் வாங்கிக் குடுத்துருவ." இன்னொரு விதியும் உண்டு. துண்டு குடித்த தண்ணீர் நூற்றுக்கு இரண்டைத் தாண்டினால் இந்த முறையே செல்லாது. மெழுகு பூசி ஓட்டைகளின் வாயை அடைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

யாருடைய ரோட்டுத் துண்டு என்று எங்களுக்குத் தெரியாது. பெட்டியில் நம்பர் மட்டும்தான் இருக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது. முகம் பார்க்காத வேலை.

மாமா இப்போதாவது தூங்குகிறாரா? போன ரோடு பிய்ந்துபோய், பழியை ரோலர் டிரைவர் தலையில் போட்டு அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பியதிலிருந்து மாமா சரியாகப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். உடனே பதில் போடு. நான் தபால் பெட்டியைப் பார்த்துப் பார்த்து அதற்கே வெட்கமாகிவிட்டது.

அம்மாவின் ஆசி, என் அன்பு.
கொசு


16 பிப்ரவரி

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். மூவரும் நலம். ஒரே தரம்தான் சொல்லியிருக்கிறேன், எண்ணிக்கொள்.

ஒட்டிய கவரைப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறாய். ஓரமெல்லாம் பசை. சும்மா உட்காரத் தெரியாதவனுக்குச் சுழலும் நாற்காலி கொடுத்த மேடம் ஆளைப் பார்த்து எடை போடத் தெரிந்தவர்தான். சின்ன வயதில் காதுக்குள்ளேயே நொய் நொய் என்று சுற்றியதற்கு உனக்குக் கொசு என்று பேர் வைத்த என் புத்தியையும் கொஞ்சம் மெச்சிக்கொள்.

எங்கள் குவார்ட்டர்ஸ் தகரக் கூரை, தகரச் சுவர். வாசலைத் திறந்தால் ரோடு, மூடினால் ரோட்டுத் தூசி. தட்டைக் கழுவி வைத்தால் சாப்பிடும்முன் மறுபடி கழுவ வேண்டும். மாமாதான் இந்தத் துண்டு ரோட்டுக்கு மேஸ்திரி. கேம்பிலிருந்து கீழே இறங்குகிற சரிவும், சரிவு முடிகிற வளைவும் அவர் பொறுப்பு. பாப்பாவுக்குப் பள்ளிக்கூட பஸ் ஏற்பாடாகிவிட்டது, வாசலிலேயே ஏறிக்கொள்கிறாள். வரும் ஜூனில் பத்தாவது. மூன்று வருஷத்தில் இது நான்காவது பள்ளிக்கூடம். "இன்னொரு தடவை மாத்தினீங்கன்னா நான் படிக்கவே மாட்டேன், ஆடு மேய்க்கப் போறேன்" என்கிறாள். இங்கே ஆடும் கிடையாது.

போன வாரம் ஒரு நாள் மாமா மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சாயங்காலம் வந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். என்ன என்று கேட்டேன். "லாரி லேட்டு" என்றார். அவ்வளவுதான், சோற்றில் கை வைக்காமல் படுத்துவிட்டார். ஆண்களுக்கு லாரி லேட்டானால் கூடப் பசி போய்விடும் போலிருக்கிறது.

சரி, ஒன்று கேட்கிறேன். யாருடைய துண்டு என்று உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா? ஒன்று பெயிலானால் என்ன செய்வார்கள்? சும்மாதான் கேட்கிறேன். அம்மாவை எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்.

அக்கா


27 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்தாயிற்று. தேய்த்தவன் நான், திட்டு வாங்கியவனும் நான்.

நீ சும்மா எதையும் கேட்கிற ஆள் இல்லை. பன்னிரண்டு வயதில் நீ "சும்மாதான் கேட்டேன்" என்று சொன்ன மறுநாள் என் சைக்கிள் காணாமல் போனது ஞாபகம் இருக்கிறதா? இருந்தாலும் பதில் சொல்கிறேன். நிஜமாகவே தெரியாது. பெயிலானால் அந்தத் துண்டு ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். கம்பெனி சும்மா விடாது, யார் தலையிலாவது கட்டும். பெரும்பாலும் மேஸ்திரி, இல்லையென்றால் ரோலர் டிரைவர். இதெல்லாம் உனக்கே தெரியும்.

அந்த லாரி எவ்வளவு நேரம் லேட்? தார்க் கலவை ஆறிப்போய்விட்டதா? ஆறினால் ரோலருக்கு அழுந்தாதே. வளைவிலா போட்டார்கள்? எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு வரி எழுதிப் போடு.

கொசு


21 மார்ச்

அக்கா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. எல்லோரும் சுகம்தானே? பாப்பாவுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லையே? அம்மா தினமும் "அக்கா லெட்டர் வந்துச்சா, இல்ல நீ படிச்சுட்டு ஒளிச்சு வச்சிருக்கியா" என்று கேட்கிறாள்.

இதை நான் எழுதக் கூடாது. எழுதாமலும் இருக்க முடியவில்லை. பதினெட்டாம் தேதி ஒரு பெட்டி வந்தது. 114 முதல் 119 வரை, ஆறு கோர். ஒன்றோடொன்று மோதி உடையாமல் இருக்கத் துணி சுற்றியிருந்தது. நீலக் கோடு போட்ட படுக்கை விரிப்பு, கிழித்த துண்டுகள். ஒன்றின் ஓரத்தில் மசிக் கறை. நான் எட்டாவது படிக்கும்போது கொட்டின மசி. நீ அதற்காக என்னை வீட்டைச் சுற்றி ஓட ஓட விரட்டினாய். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த விரிப்பை விடாமல் எடுத்துக்கொண்டு போனாய். அதற்கு என் லேபில் என்ன வேலை?

ஆறும் பாஸ். தொண்ணூற்று மூன்று. தண்ணீர் குடித்தது 1.9. இரண்டுக்குள்தான், அதனால் மெழுகுக்குப் போகவில்லை. இந்த முறை அவசரப்படாமல், நிதானமாகத்தான் ஒற்றினேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று.

பதில் போடு.

கொசு


2 ஏப்ரல்

என் தங்கத் தம்பிக்கு,

அக்காவின் ஆயிரம் ஆசிகள். எல்லோரும் சுகம், சுகம், சுகம். எத்தனை தரம் வேண்டுமானாலும் எண்ணிக்கொள்.

விரிப்பா? ஆபீஸில் பெட்டி கட்டக் கந்தல் கேட்டார்கள், கைக்கு வந்ததைக் கிழித்துக் கொடுத்தேன். அதற்குப் போய் எட்டாம் வகுப்பு மசியை இழுக்கிறாயே. பதில் போடாததற்குக் காரணம் ஒன்றுமில்லை, வேலை.

உன் கடிதம் வந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆபீஸுக்கே முறையாகத் தகவல் வரட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன் என்பதை அம்மாவிடம் சொல், நம்ப மாட்டாள். நேற்று வந்துவிட்டது. மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஆறுமா?" என்று கேட்டார். ஆறும்தான் என்றேன். "நல்லாப் பாத்தாங்களாமா?" என்றார். என்ன மனுஷனோ. சந்தோஷத்தில் இருப்புக் கொள்ளவில்லை போலிருக்கிறது, எழுந்துபோய் ரோலர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கூப்பிட்டு டீ கொடுத்தேன், ஆறவிட்டுக் குடித்தார்.

ரோட்டைத் திறந்துவிட்டார்கள். பஸ் இப்போது குலுங்காமல் போகிறது என்று பாப்பா சொல்கிறாள், பஸ்ஸில் உட்கார்ந்தே பாடம் படிக்கிறாளாம். புது விரிப்பு இரண்டு வாங்கப்போகிறேன். உனக்கு ஒன்று அனுப்பட்டுமா? மசி கொட்டாமல் வைத்துக்கொள்வாயா?

அக்கா


19 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். என்னைப் பற்றிக் கேட்காதே.

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதையாவது முழுதாக எழுதுகிறேன். அந்த ஆறு துண்டுகளையும் நான் ஐந்து விநாடியில் ஒற்றவில்லை. முதல் துண்டைத் தண்ணீரிலிருந்து எடுத்ததுமே தெரிந்தது, அடியிலிருந்து நூல் பிடித்தமாதிரி தண்ணீர் ஒழுகியது. நல்ல ரோடு அப்படி ஒழுகாது. உடனே துணியில் ஒற்றித் தராசில் வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை. ஒழுகட்டும் என்று கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒற்றுகிற துணியை மடித்தேன், மறுபக்கம் திருப்பினேன், மறுபடி மடித்தேன். ஒழுகுவது நின்றபிறகுதான் தராசில் வைத்தேன். ஆறுக்கும் அப்படியே. வேகமாக ஒற்றியிருந்தால் 1.9 வந்திருக்காது, மூன்றுக்கு மேல் வந்திருக்கும், மெழுகுக்குப் போயிருக்கும்.

என் கை எனக்குத் தெரியாமல் செய்துவிட்டது என்று ஒரு மாதமாக எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். கைக்கு என்ன தெரியும், விரிப்பை அடையாளம் கண்டது கண்தானே. யாரும் கண்டுபிடிக்க முடியாது அக்கா. காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. துணியில் இறங்கிப் போன தண்ணீர் காய்ந்தும் போய்விட்டது. அதனால்தான் இன்னும் மோசமாக இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். அம்மா "உள்ளங்காலில சக்கரமா மாட்டியிருக்கு" என்கிறாள்.

அளந்த துண்டுகளை ஜூன் கடைசி வரை அலமாரியில் வைத்திருப்பார்கள். மறுபடி அளக்கலாம். அதற்குமுன் நீ ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு லாரி லேட்டாகி, ஆறிப்போன கலவையைத்தான் வளைவில் போட்டார்களா? விரிப்பு தற்செயலா?

கொசு


24 ஏப்ரல்

தம்பிக்கு,

நலம். உன் கடிதம் மத்தியானம் வந்தது, இப்போதே எழுதுகிறேன்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு குடைகிறதே என்று அழுகிறாய். யார் உன்னைக் கேட்டார்கள்? மேடம் கேட்டாரா? எங்கள் கம்பெனி முதலாளி கேட்டாரா? பாஸ் என்று எழுதியாயிற்று, ரோட்டில் வண்டி ஓடுகிறது, ஊர் சும்மா இருக்கிறது. நீ மட்டும் ஏன் சொறிந்துகொண்டே இருக்கிறாய்?

கேட்டாய் அல்லவா, கேள். லாரி வழியில் நின்றுவிட்டது. மூன்று மணி நேரம். முதலாளி போனில் "போடு" என்றார், உன் மாமா போட்டார். விரிப்பு தற்செயல் இல்லை. ஆபீஸில் கந்தல் கேட்கவும் இல்லை, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மசிக் கறை இருக்கிற பக்கத்தை வெளியே தெரிகிறமாதிரி நானே சுற்றினேன். உன் மாமாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டார்.

போன தடவை ரோலர் டிரைவர் பெண்டாட்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேம்பை விட்டுப் போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். இந்தத் தடவை அது நான். பாப்பாவுக்கு ஐந்தாவது பள்ளிக்கூடம். அதுவும் பத்தாவது வருஷத்தில். உனக்கு இது புரியாது, உனக்கு நாற்காலி சுழன்றால் போதும்.

அலமாரியில் இருக்கிறது அலமாரியிலேயே இருக்கட்டும். எனக்குத் தம்பிதான் வேண்டும், தராசு வேண்டாம்.

அக்கா

மாமாவுக்குத் தனியாக எதுவும் எழுதாதே.


20 மே

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ சொன்னதைக் கேட்டுப் பத்து நாள் சும்மா இருந்து பார்த்தேன். அலமாரிக்கு எதிரேதான் என் மேஜை. முதுகைக் காட்டி உட்காரலாம் என்றால் நாற்காலி தானாகத் திரும்புகிறது.

எட்டாம் தேதி எல்லோரும் சாப்பிடப் போனபோது ஆறையும் எடுத்தேன். மின்விசிறிக் காற்றில் எடை மாறாமல் நிற்கும்வரை காயவைத்தேன். மெழுகை உருக்கி, ஒவ்வொன்றாக முக்கி எடுத்து, ஊசி முனை ஓட்டைகூட இல்லாமல் விரலால் தடவி அடைத்தேன். இதில் கைக்குச் சலுகை கிடையாது அக்கா. மெழுகு பூசின துண்டை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றாலும் ஒன்றும் ஒழுகாது. எண்பத்தொன்பது வந்தது. ஆறும் ஒன்றுக்கொன்று சொல்லிவைத்தமாதிரி. தொண்ணூற்றிரண்டு எங்கே, எண்பத்தொன்பது எங்கே.

எழுதி மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நாளைக்கு மேடத்திடம் கொடுத்துவிடலாம், நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று பன்னிரண்டு நாள் போய்விட்டது. மேடத்தின் கதவு வரைக்கும் போய், குடிக்கத் தண்ணீர் எடுக்க வந்தவன்போலத் திரும்பி வந்திருக்கிறேன். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் கொடுத்துவிடுவேன். உன்னைக் கேட்காமல் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை, கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அங்கே மழை ஆரம்பித்துவிட்டதா?

கொசு


1 ஜூன்

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மழைக் காலத்தில் முழங்கால் வலி அதிகமாகும், கம்பளித் துணி சுற்றச் சொல்.

மழை ஆரம்பித்துப் பத்து நாளாகிறது. ரோடு நன்றாக இருக்கிறது. நீ பயந்தமாதிரி ஒன்றும் ஆகவில்லை. பாப்பா முழுப் பரீட்சையில் வகுப்பில் இரண்டாவது வந்திருக்கிறாள்.

மாமா விடிந்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போய்க் கூட்டிவிட்டு வருகிறார். உடம்புக்கு நல்ல பயிற்சிதான்.

அக்கா


9 ஜூன்

மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அத்தையும் சுகம் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் மே மாதக் கடிதத்தை உன் அக்கா அரிசி டப்பாவில் வைத்திருந்தாள். எடுத்துப் படித்தேன். தப்புதான். அவளைக் கேட்டேன். விரிப்பு முதல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அன்று வந்த கலவை நன்றாக ஆறியிருந்தது. திருப்பி அனுப்புகிறேன் என்று போனில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எட்டு நடை உருட்டுகிற இடத்தில் இருபது நடை உருட்டினோம். ஆறின கலவையில் கல் உடையுமே தவிர நெருங்காது. கோர் எடுக்க வந்த இன்ஜினியர் "இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடுவுல எங்க வேணும்னாலும் எடு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்தார். நல்ல இடம் எது, கெட்ட இடம் எது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். ஆறையும் இருப்பதிலேயே கெட்ட இடமாகப் பார்த்து எடுத்தேன். பெயிலாக வேண்டும் என்றுதான் எடுத்தேன், மாப்பிள்ளை. போன தடவை நான் வாயைத் திறக்காததால் ஒருவன் பிழைப்பு போயிற்று. இந்தத் தடவையும் என் வாய் திறக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. லேபில் யாரோ முகம் தெரியாத ஒருவர் சொல்லிவிடுவார் என்று இருந்தேன். என் வேலை போனால் போகட்டும் என்றும் இருந்தேன்.

பாஸ் என்று வந்ததும் லேபையே யாரோ வளைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நீயாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

வளைவில் தினமும் ஒரு கூடை கல் பெயர்ந்து வருகிறது. பஸ் வருவதற்கு முன்னால் கூட்டிவிடுகிறேன். நேற்று ஒரு மணல் லாரி பிரேக் போட்டு, சறுக்கிக்கொண்டே போய் ஓரக் கல்லில் நின்றது. பஸ் போய் நாலு நிமிஷம்தான் ஆகியிருந்தது. இன்ஜினியரிடம் சொன்னேன், இந்தத் தடவை வாயைத் திறந்து சொன்னேன். "லேப் ரிப்போர்ட்டே பாஸ்னு இருக்கு, நீ என்னய்யா" என்றார்.

உன் மேஜை இழுப்பறையில் இருக்கிற காகிதத்தைக் கொடுத்துவிடு. உன் அக்கா சரி என்று எழுத மாட்டாள். நான் எழுதுகிறேன்.

மாமா


16 ஜூன்

மாமாவுக்கும் அக்காவுக்கும்,

வணக்கம். அம்மா சுகம். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எண்ணெய்க் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி முழங்காலுக்குத் தானே தேய்த்துக்கொண்டாள். அது எனக்குப் பழக்கமில்லாததால் திட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

மாமா, உங்கள் கடிதம் பன்னிரண்டாம் தேதி காலையில் வந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக மேடத்தின் அறைக்குப் போனேன். காகிதத்தை வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டும் பார்த்தார்.

"ஒழுகினது எப்ப தெரியும்?"

"கையில இருக்கும்போதே தெரியும் மேடம்."

"அப்புறமும் ஏன் அதை எழுதல?"

"அக்கா வீட்டு ரோடு."

"மே எட்டாந் தேதி திரும்ப அளந்திருக்க. இன்னைக்கு ஜூன் பன்னெண்டு. நடுவுல என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல மேடம்."

ரிஜிஸ்டரில் அதையும் எழுதினார். "நடுவில் ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதி, அதற்குக் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு என் எதிரிலேயே உங்கள் இன்ஜினியரின் மேலதிகாரிக்குப் போன் செய்து வளைவை மூடச் சொன்னார்.

என்னை மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை சல்லி சலிக்கிற அறையில் இருக்கிறேன். காதெல்லாம் தூசி. சோறு இறங்குகிறது. மாமா, நான் உங்களுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து உங்கள் வாயையே அடைத்துவிட்டேன். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை, அதனால் வெறுமனே கேட்கிறேன். அக்கா, நீ திட்டியாவது ஒரு கடிதம் போடு.

கொசு


4 ஜூலை

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். உடம்பு எல்லோருக்கும் நலம். மற்றதை எழுதுகிறேன்.

போன மாதம் பதினைந்தாம் தேதி காலையில் வளைவைக் கயிறு கட்டி மூடினார்கள். மூன்று நாள் கழித்துச் சுரண்டுகிற மெஷின் வந்தது. முதலாளி மாமாவைக் கூப்பிட்டு, "நான் போடச் சொன்னதுக்கு அத்தாட்சி இருக்கா?" என்று கேட்டார். "இல்ல, ஆனா சொன்னீங்க" என்றாராம் மாமா. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். வளைவைத் திரும்பப் போட்டு முடிக்கும்வரை இருந்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். சூடான கலவை வருகிறதா என்று ஒவ்வொரு லாரியிலும் ஏறிப் பார்க்கிறார். மூன்று லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது சாப்பிடுகிறார், தூங்குகிறார். வேலை போன பிறகு ஒரு மனுஷன் குறட்டை விடுவதை நான் இப்போதுதான் பார்க்கிறேன். பாப்பாவிடம் சொன்னேன். "ஆடு வாங்கியாச்சா?" என்று கேட்டாள். அடுத்த மாதம் அவளை உன்னிடமும் அம்மாவிடமும் அனுப்புகிறோம், அங்கேயே ஒரு பள்ளிக்கூடம் பார்.

உன்னைத் திட்ட உட்கார்ந்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

ஜூன் முதல் தேதி ரோடு நன்றாக இருக்கிறது என்று உனக்கு எழுதினேன். அன்றைக்கு மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்திருந்தது. மாமா கூட்டிவிட்டு வந்த பிறகு ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வளைவுக்குப் போனேன். சரிவான இடம், ஊற்றினால் ஓரத்துக்கு ஓட வேண்டும். ஊற்றினேன். ஓடவில்லை. ஊற்றின இடத்திலேயே உள்ளே போயிற்று. குடம் காலியாகும்வரை ஊற்றினேன், ஓரம் நனையவே இல்லை. வீட்டுக்கு வந்து, குடத்தைக் கவிழ்த்துவிட்டு, உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் பள்ளிக்கூடம் இருந்தது. பத்து நாளும் காலையில் நானே பாப்பாவுக்குத் தலை பின்னி, பையைத் தோளில் மாட்டி, அந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வளைவு திரும்பும்வரை நின்று கையும் ஆட்டினேன்.

நடுவில் என்ன செய்தாய் என்று உன்னை மேடம் கேட்டார், கையெழுத்தும் வாங்கினார். மாமாவை முதலாளி கேட்டார். என்னை இதுவரை யாரும் கேட்கவில்லை. நீயாவது கேட்டு எழுது.

அக்கா